புளூட்டோவுக்கு அழுதோம் சரி, சீரிஸ் தாயைப் பத்தி ஏன் யாரும் பேச மாட்டேங்கோம்?

பிசானத்தான்

2006 ஆகஸ்ட் 24ல பிராக் நகரத்துல சர்வதேச வானியல் ஒன்றியம் கூடி ஓட்டுப் போட்டு புளூட்டோவ கிரக லிஸ்ட்ல இருந்து எடுத்தாங்கள்லா, அதுக்கு இன்னைக்கு வரைக்கும் ஆளாளுக்கு ஸ்டேட்டஸ் போட்டு வருத்தப்படுதாங்க. படட்டும், தப்பில்ல. ஆனா அதே நாள் அதே ஓட்டுல இன்னொருத்திக்கும் குறுங்கோள்னு, அதாவது முழுக் கிரகத்துக்கு ஒரு படி கீழன்னு, பேரு கெடைச்சுது, அவளப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கக் காணோம். சீரிஸ். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சுத்துது, குறுக்களவு ஏறக்குறைய 940 கிலோமீட்டர், சூரியன ஒரு சுத்து சுத்த 4.6 வருஷம் ஆவும். ரோமாபுரிக்காரங்க தானியத்துக்கும் வெளைச்சலுக்கும் கும்பிட்ட தாயோட பேரு அது.

வேதபட்டர் காயப்போட்ட நெல்ல மழவெள்ளம் அடிச்சிட்டுப் போவாம சாமி வேலி கட்டிக் காத்தாருன்னு ஊருக்கே நெல்வேலின்னு பேரு வச்சிருக்க ஆளுவ நம்ம. காரு, பிசானம்னு ரெண்டு போகத்த வச்சே கல்யாணம் காட்சிக்கு நாள் பாத்த ஆளுவ. தானியத் தாய் பேர்ல ஒரு உலகம் மேல சுத்திக்கிட்டு இருக்குங்கது நமக்குல்லா மொதல்ல தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சவங்க வந்து எழுதுங்க, நானும் படிச்சத எழுதுதேன்.

பாளை வான்நோக்கி

நல்ல எடத்துல தொட்டீரு வே. சீரிஸோட கத புளூட்டோ கதைய விட நீளம், ஏன்னா அது ரெண்டு தடவ பதவி மாறின ஆளு.

1801 ஜனவரி 1, 19ஆம் நூற்றாண்டோட மொத ராத்திரி. சிசிலித் தீவுல பலெர்மோ வானாய்வகத்துல ஜுசெப்பே பியாட்ஸின்னு ஒரு பாதிரியார் நட்சத்திரப் பட்டியல் தயார் பண்ணிக்கிட்டு இருக்காரு. ரிஷபத்துல ஒரு மங்கலான புள்ளி. மறுநாள் பாத்தா எடம் மாறியிருக்கு, அதுக்கு மறுநாளும் மாறியிருக்கு. நட்சத்திரம்னா அப்படி நகராதுல்லா. பிப்ரவரி 11 வரைக்கும் விடாம அளந்தாரு, நடுவுல ஒடம்பு வேற முடியாமப் போச்சு, அப்புறம் அது சூரிய வெளிச்சத்துப் பக்கம் போயி மறைஞ்சிட்டு. திரும்ப எங்க வரும்னு எவனுக்கும் தெரியல, கையில இருக்கது சின்ன அளவு டேட்டாதான், சுத்துப்பாதையில ரொம்பச் சின்னத் துண்டு. அப்பதான் ஜெர்மனியில 24 வயசுப் பையன் காஸ், ஆமா கணக்குப் புஸ்தகத்துல வாற அதே காஸ்தான், புது முறை ஒண்ணு கண்டுபிடிச்சு இந்தா இங்கன வரும்னு கணக்குப் போட்டுக் குடுத்தாரு. 1801 டிசம்பர் 31 அன்னைக்கு ஃபான் ஸாக்ங்கற வானியல்காரர் அந்த எடத்துக்கிட்டயே பாத்துட்டாரு, மறுநாள் ஓல்பர்ஸ்னு இன்னொரு வானியல்காரரும் பாத்தாரு. கண்டுபிடிச்சு சரியா ஒரு வருஷம்.

அப்புறம் அம்பது வருஷம் போல அது கிரகம்தான், பள்ளிக்கூடப் புஸ்தகத்துல கிரகம்னே போட்டிருந்தான். ஆனா 1802ல பல்லாஸ், 1804ல ஜூனோ, 1807ல வெஸ்டான்னு அதே வட்டாரத்துல வரிசையா வந்துட்டு, 1845க்குப் பெறவு இன்னும் கூடிப்போச்சு, எல்லாத்தையும் சிறுகோள்னு ஒதுக்கிட்டாங்க. 2006ல பிராக்ல மொதல்ல வந்த வரைவுத் தீர்மானத்துல சீரிஸ், புளூட்டோவச் சுத்துத கேரன், புளூட்டோவுக்கும் அப்பால உள்ள ஈரிஸ் மூணையும் சேத்து 12 கிரகம்னு இருந்துது, அது நடந்திருந்தா இன்னைக்கு நம்ம பிள்ளைவ செவ்வாய்க்கு அடுத்து சீரிஸ்னு ஒப்பிச்சுக்கிட்டு இருக்கும். ஒரு வாரத்துல அது மாறிப்போச்சு. உருண்டையா இருக்கு, சூரியனச் சுத்துது, ஆனா தன் பாதையில கெடக்க மத்த உருண்டை, கல்லையெல்லாம் ஒதுக்கி சுத்தம் பண்ணலன்னு சொல்லி குறுங்கோள் ஆக்கிட்டாங்க. புளூட்டோவுக்கு அது எறக்கம், சீரிஸுக்கு ஏத்தம்.

அம்பை ஆச்சிபேத்தி

பிசானத்தான் அண்ணே, அந்தத் தாயோட கத தெரிஞ்சா இன்னும் நெஞ்சு கனக்கும். சீரிஸுக்கு ஒரே மக, புரோசர்பினா. கிரேக்கத்துல அம்மைக்கு டிமீட்டர், மகளுக்கு பெர்செபோனின்னு பேரு. சிசிலியில என்னா அப்படிங்கற ஊர்ப்பக்கம் ஒரு ஏரிக்கரையில பூப்பறிச்சிக்கிட்டு இருந்த பிள்ளைய, பாதாள ராஜா தேர்ல வந்து தூக்கிட்டுப் போயிட்டான். அந்த ராஜா யாரு தெரியுமா, புளூட்டோ! நீங்க எல்லாரும் அழுத அதே புளூட்டோ. அப்ப ஒரே நாள்ல குறுங்கோள் ஆனது மாமியாரும் மருமகனும், அதுவும் கேக்காமப் பொண்ணு தூக்கின மருமகன்.

அம்மைக்காரி எட்னா எரிமலையில பந்தம் கொளுத்திக்கிட்டு ஊரு ஊரா தேடுதா. தேடிச் சோந்து போயி கோவத்துல பூமிய வெளைய விடாம ஆக்கிருதா, விதைச்சது மொளைக்கல, ஏரு ஒடையுது, மாடு சாவுது. கடைசியில ஜூபிடர் எறங்கி வந்து சமாதானம் பேசி பிள்ளைய அனுப்பச் சொன்னா, அதுக்குள்ள அது பாதாளத்துல மாதுளம்முத்து கொஞ்சம் தின்னுட்டு, அங்கன தின்னவங்க முழுசாத் திரும்ப முடியாதுன்னு விதி. அதனால பாதி வருஷம் அம்மைகூட, பாதி வருஷம் புருஷன்கூட. மக வந்தா வெளைச்சல், மக போனா தரிசு.

எனக்கு இதுல புடிச்சது என்னன்னா, அந்தக் கதையில தேவர்கள் ராஜாவே எறங்கி வந்தது சண்டைக்குப் பயந்து இல்ல, சோறு இல்லாமப் போயிரும்னு பயந்து. வெளைய வைக்கவ வேலைய நிறுத்தினா மேலோகமும் ஆடிரும்.

தென்காசிச் சாரல்

கத நல்லாத்தான் இருக்கு, நான் ஒண்ணு கேக்கேன் கோவப்படாதீங்க. சீரிஸ் ஒரு கல்லும் உப்பும் ஐஸும் கலந்த உருண்டை. அதுக்கு எவனோ ஒரு பாதிரியார் தன் தீவோட காவல் தெய்வம்னு சீரிஸ் ஃபெர்டினாண்டியான்னு பேரு வச்சாரு, ஃபெர்டினாண்டு அந்த ஊரு ராஜா பேரு, அத மத்த நாட்டுக்காரன் ஒத்துக்கல, கழண்டு போச்சு. பேருங்கது அவ்வளவுதான், அரசியல். ராஜா பேரு நின்னிருந்தா இன்னைக்கு நீங்க ராஜா கதையச் சொல்லி உருகுவீங்களா? வானியல வானியலாப் பாக்கணும். நமக்கு ஏற்கனவே கிரகத்த வச்சு கல்யாணத்த நிறுத்துத கூட்டம் போதாதா, இதுல தாயி தெய்வம்னு புதுசா ஒண்ண சேத்துவிட்டா நாளைக்கு ஒருத்தன் சீரிஸ் பெயர்ச்சி பலன் போடுவான்.

முறப்பநாட்டான்

சாரல் தம்பி, அந்தப் பயம் வேண்டாம்யா. நான் நவகைலாயத்துல வியாழனுக்குரிய ஊர்க்காரன், சின்னதுல இருந்து தாமிரபரணி ஆத்தங்கரையில அந்த ஒன்பது கோயிலுக்கும் போய்வந்தவன். பாபநாசம் சூரியன், சேரன்மகாதேவி சந்திரன், கோடகநல்லூர் செவ்வாய், குன்னத்தூர் ராகு, முறப்பநாடு குரு, ஸ்ரீவைகுண்டம் சனி, தென்திருப்பேரை புதன், ராஜபதி கேது, சேர்ந்தபூமங்கலம் சுக்கிரன். இந்தப் பட்டியல்ல சூரியன் இருக்கு சந்திரன் இருக்கு, ராகுவும் கேதுவும் நிலா பாதையும் சூரியன் பாதையும் வெட்டிக்கிடுத புள்ளிங்க, பொருளே கெடையாது. அப்ப பிராக்ல ஓட்டுப்போட்ட லிஸ்ட்டும் இதுவும் வேற வேற. அது ஒண்ணு கூடினாலும் கொறைஞ்சாலும் ஆத்தங்கரையில ஒரு கல்லும் நகராது. யுரேனஸ் வந்துது, நெப்டியூன் வந்துது, நம்ம கோயில்ல யாரும் பத்தாவது சன்னதி கட்டல. ரெண்டையும் மனசுல தனித்தனியா வச்சிக்கிட முடியும், நாங்க வச்சிருக்கோம்.

பிசானத்தான்

அண்ணாச்சி சொன்னது சரி. சாரல், நீங்க சொன்ன 'பேருங்கது அரசியல்' இருக்குல்லா, அத வச்சே பதில் சொல்லுதேன். சீரிஸ் மேல இருக்க பள்ளம் மேடுக்குப் பேரு வைக்க ஒரு விதி இருக்கு. பெரும்பள்ளங்களுக்கு உலகத்துல எந்த நாட்டுலயும் உள்ள வெவசாய தெய்வம், பயிர் தெய்வம் பேரு. மலை, பிளவு, குழி வரிசை மாதிரி மத்ததுக்கு அறுவடைத் திருவிழா பேரு. ரோமுக்காரன் சாமி மட்டும்னு ஒரு கட்டுப்பாடும் இல்ல. கெர்வான்னு பெரிய பள்ளம், அமெரிக்கப் பழங்குடி ஹோப்பி மக்களோட மக்காச்சோளம் மொளைக்க வைக்குத தெய்வம். டான்ட்டு, ஆப்பிரிக்காவுல கானா நாட்டுத் தெய்வம். ஹவுலானி, ஹவாய்த் தீவு. ஊர்வரா 170 கிலோமீட்டர் அகலம், நம்ம வடக்கயும் ஈரான்லயும் உள்ள வயல் தெய்வம். அஹுனா மலை, நாகாலாந்துல சூமி நாகர்கள் அறுப்பு முடிஞ்சு கொண்டாடுத விழா. அந்த மலை 4 கிலோமீட்டர் ஒசரம், நம்ம பொதிகை 1,868 மீட்டர்தான், அப்ப ரெண்டு பொதிகைக்கு மேல.

இப்ப சொல்லுதேன் கேளுங்க. அங்க பொங்கல் இருக்கு. பொங்கல் கேட்டினான்னு பேரு. வரிசையா கெடக்க குழிச் சங்கிலி. நம்ம பொங்கலேதான். 40 கோடி கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் சுத்துத உலகத்தோட மேப்புல நம்ம தைப்பொங்கல அதிகாரப்பூர்வமா எழுதி வச்சிருக்கான், நம்ம ஊர்ல எத்தன பிள்ளைக்கு அது தெரியும்? இத மொதல்ல படிச்சப்ப எனக்கு ரெண்டு நாளு வேற நெனப்பே ஓடல.

அம்பை ஆச்சிபேத்தி

பொங்கலா!! அண்ணே இத நான் எங்க வீட்டுல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிட்டேன். எங்க ஆச்சி இன்னமும் சிறுவீட்டுப் பொங்கல் விடாம நடத்துதா. மார்கழி முழுக்க வாசல்ல கோலத்து மேல சாணி உருண்டை வச்சு அதுல பூசணிப்பூ செருகி, அத எருவாத் தட்டிக் காயவச்சு சேத்து வச்சு, தை மாசம் பிள்ளைவளுக்குன்னு மண்ணுல சின்ன வீடு கட்டி அதுக்கு முன்னால பொங்கல் வச்சு, அந்த எருவ எல்லாம் ஆத்துல கொண்டு விடுவோம். பொம்பளப் பிள்ளைவளோட பொங்கல் அது, திருநெவேலி தூத்துக்குடிப் பக்கத்துக்காரங்களுக்குச் சொல்லணும்னு இல்ல. புரோசர்பினா பூப்பறிக்கப் போன கதையும் பொம்பளப் பிள்ளைவ கததான். சாரல் அண்ணன் பேரு வெறும் பேருன்னு சொன்னாரு, அந்தப் பேரு பொங்கல்னு இருக்கப்ப எனக்கு அப்படி விட முடியல.

வள்ளியூர் ஸ்பேனர்

நான் சாமி கதைக்கு வரல, வண்டி கதைக்கு வந்தேன். இந்த மேப்பு போட்ட விண்கலம் டான். 2007 செப்டம்பர் 27ல கெளம்பி, 2011ல வெஸ்டாவுக்குப் போயி ஒரு வருஷத்துக்கு மேல சுத்திப் பாத்துட்டு, அங்கிருந்து கெளம்பி 2015 மார்ச் 6ல சீரிஸ் சுத்துப்பாதையில நுழைஞ்சுது. பூமிக்கு வெளிய ரெண்டு வேற வேற உலகத்த ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா சுத்தி வந்த மொத வண்டி அதான். ராக்கெட் இன்ஜின் சோதிக்குத மகேந்திரகிரிப் பக்கத்துல இருக்கதால எங்களுக்கு இன்ஜின்னா ரொம்பக் குளிர வச்ச திரவ எரிபொருள்ல ஓடுத கிரையோஜெனிக், அது நிமிஷக் கணக்குல எரிஞ்சு பெருந்தள்ளு தள்ளும். டான்ல இருந்தது அயனி இன்ஜின். ஸீனான் வாயுவுக்கு மின்னேத்தம் குடுத்து பின்னால விரட்டும், தள்ளுவிசை ரொம்ப ரொம்பக் கம்மி, ஆனா நிறுத்தாம ஓடும். மொத்தப் பயணத்துல 5.9 வருஷம் அந்த இன்ஜின் ஓடியிருக்கு, பாத்துக்கோங்க. அவசரப்படாத இன்ஜின்தான் ரெண்டு ஊரு பாத்துது. 2018 கடைசியில திசை திருப்புத ஹைட்ரசின் தீந்து போயி பேச்சு நின்னுட்டு, ஆனா வண்டி இன்னமும் சீரிஸச் சுத்திக்கிட்டுதான் இருக்கு. மேல விழுந்து அசுத்தம் ஆயிரக் கூடாதுன்னே அப்படி ஒரு பாதையில விட்டுட்டு வந்தாங்க.

டான் எடுத்த சீரிஸ் படத்துல மின்னுத அந்த வெள்ளப் புள்ளி என்னன்னு யாராவது விளக்குங்க, நாங்க டீக்கடையில அதுக்கு ஒரு சண்டையே போட்டிருக்கோம்.

பாளை வான்நோக்கி

ஸ்பேனர், அது ஆக்கேட்டர்ங்கற பள்ளத்துல இருக்கு, 92 கிலோமீட்டர் அகலம். ஆக்கேட்டர்னா ரோமுல பரம்படிக்கதுக்குன்னு உள்ள தெய்வம், உழுத கட்டிய ஒடைச்சு சமப்படுத்துத வேலைக்குக்கூட ஒரு சாமி வச்சிருந்தான் அவன். டான் கிட்டப் போவப் போவ ரெண்டு வெளிச்சப் புள்ளி மின்னிச்சு, ஆளுக்கு ஒரு கத கட்டினாங்க. போயிப் பாத்தா பெரும்பாலும் சோடியம் கார்பனேட், நம்ம வாஷிங் சோடா, கூட மத்த உப்பும் இருக்கு. அடியில 40 கிலோமீட்டர் ஆழத்துல உப்புத்தண்ணி தேங்கியிருக்கு, விரிசல் வழியா அது மேல வந்து, அங்க காத்தழுத்தம் இல்லாததால தண்ணி ஆவியாப் போயி உப்பு மட்டும் நின்னுட்டு. தூத்துக்குடி உப்பளத்துல பாத்தி கட்டி உப்பு எடுக்கதப் பாத்தவனுக்கு இத வெளக்கவே வேண்டாம், அங்க வெயிலு செய்யுத வேலைய இங்க வெற்றிடம் செய்யுது.

அந்தப் பள்ளம் விழுந்து 2 கோடி வருஷம் போல ஆவுது, ஆனா வெள்ள உப்பு அத விட ரொம்பப் புதுசு, 20 லட்சம் வருஷத்துக்கு உள்ளதான்னு சொல்லுதாங்க. இவ்வளவு சின்ன உருண்டை, உள்சூடு எப்பவோ ஆறிப் போயிருக்கணும், இன்னும் உள்ளுக்குள்ள தண்ணி உயிரோட இருக்கு. எர்னூட்டெட்ங்கற பள்ளத்துக்கிட்ட 2017ல கரிமச் சேர்மம் இருக்கதயும் பாத்தாங்க. அது எகிப்துக்காரங்க அறுவடைத் தெய்வம். வெளைச்சல் தாய் பேர வச்ச எடத்துல உயிருக்கு வேண்டிய சரக்கு கெடக்கு. அதத் தற்செயல்னு தெரிஞ்சிக்கிட்டேதான் சொல்லுதேன், ஆனாலும் சந்தோசமா இருக்கு.

கல்லிடை வாத்தியார்

பிள்ளைகளா, வாசிச்சேன், வாசிக்க அருமையா இருக்கு. ரெண்டு சங்கதி நான் சேக்கேன்.

பழைய ரோமுல முண்டுஸ்னு ஒரு குழி உண்டு, அது சீரிஸ் தாயோட குழி. பாதாளத்துக்கு வாசல்னு நம்பினாங்க. வருஷத்துல மூணே நாள்தான் மூடியத் தொறப்பாங்க, அன்னைக்கு இறந்தவங்க மேல வருவாங்கன்னு சண்டையோ கல்யாணமோ நல்ல காரியமோ எதுவும் வைக்க மாட்டாங்க. அந்த மூணு நாள்: ஆகஸ்ட் 24, அக்டோபர் 5, நவம்பர் 8. பிராக்ல ஓட்டுப் போட்ட தேதிய மறுபடி பாத்துக்கிடுங்க. அங்க இருந்த விஞ்ஞானிகள் அத நெனச்சு நாள் குறிச்சாங்கன்னு நான் சொல்ல வரல. சீரிஸும் புளூட்டோவும் ஒரே பட்டியல்ல சேந்தது சீரிஸோட பாதாளக் குழி தொறக்குத நாள்ல.

தானியத் தாய்க்கும் இறந்தவங்களுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, அதுக்கு ரோம் வரைக்கும் போவ வேண்டாம். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துல சிவகளைக்குப் போனாப் போதும். அங்க தோண்டி எடுத்த முதுமக்கள் தாழி ஒண்ணுல நெல்லு இருந்துது. அத ஆய்வுக்கு அனுப்பி, கி.மு. 1155னு காலம் வந்துதுன்னு 2021ல அரசு அறிவிச்சுது. ஏறக்குறைய 3,200 வருஷம். நம்ம பொருநைக் கரையில ஒருத்தரப் பொதைக்கும்போது கூடவே நெல்லு வச்சு அனுப்பியிருக்காங்க. இன்னைக்கும் வாய்க்கரிசி போடுதோம்லா. விதை மண்ணுக்குள்ள போனாத்தான் மொளைக்கும், செத்தவங்களும் மண்ணுக்குள்ளதான் போறாங்க, அதனால வெளைய வைக்கவளும் மண்ணுக்குக் கீழ ஆளுதவனும் உறவுக்காரங்களா ஆயிட்டாங்க. சிசிலிக்காரன் அத மகளத் தூக்கிட்டுப் போன கதையாச் சொன்னான், நம்மாளு கத சொல்லாம தாழிக்குள்ள நெல்ல வச்சான்.

தென்காசிச் சாரல்

வாத்தியார் ஐயா, சிவகளை நெல்ல நான் மறுக்க மாட்டேன், அது கையில எடுத்து அளந்த சாட்சி. தேதி ஒத்துப் போனது தற்செயல், அதுல நான் மாற மாட்டேன். ஆனா இந்த இழையில யாரும் கதைய வச்சு அறிவியல மறைக்கல, அறிவியலச் சொல்லதுக்குத்தான் கதையக் கூட்டிட்டு வந்திருக்கீங்க, அதுக்கு நானும் ஒண்ணு தாரேன். 1853ல ராபர்ட் லூதர்னு ஒருத்தர் கண்டுபிடிச்ச சிறுகோள், பட்டியல்ல 26ஆம் நம்பர், அதுக்குப் பேரு புரோசர்பினா. அது எங்க சுத்துது தெரியுமா? செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல, சீரிஸ் இருக்க அதே வளையத்துல. புளூட்டோ சராசரியா பூமி-சூரியன் தூரத்தப் போல 39.5 மடங்கு தள்ளி, சீரிஸ் 2.77 மடங்கு. வானத்துல மக அம்மைகிட்டதான் இருக்கா.

அம்பை ஆச்சிபேத்தி

சாரல் அண்ணே, இது ஒண்ணுக்காகவே உங்களுக்கு பொங்கலுக்கு பனங்கெழங்கு அனுப்புவேன்!

வள்ளியூர் ஸ்பேனர்

கண்ணால பாக்க முடியுமா இந்தச் சீரிஸ? டெலஸ்கோப் வாங்க காசு கெடையாது.

பாளை வான்நோக்கி

வெறுங்கண்ணுக்குத் தெரியாது, நல்லா வெளிச்சமா இருக்க காலத்துலயும் கண்ணுக்குத் தெரியுத எல்லைக்குக் கொஞ்சம் வெளியதான் நிக்கும். 10க்கு 50 பைனாகுலர், அதாவது 10 மடங்கு பெருசாக் காட்டுத, 50 மில்லிமீட்டர் லென்சு உள்ளது, போதும், ஆனா இருட்டு வேணும், பாளையங்கோட்டைக்குள்ள நின்னு பாத்தா ஒண்ணும் தேறாது. 15 மாசம் சொச்சத்துக்கு ஒருக்கா சூரியனுக்கு நேரெதிரா வரும், அந்த நேரம் ராத்திரி முழுக்க வானத்துல இருக்கும், போன்ல வான வரைபட ஆப் போட்டா எடம் காட்டிரும். பைனாகுலர்ல பாத்தா பக்கத்து நட்சத்திரம் மாதிரிதான் இருக்கும், எது சீரிஸ்னு தெரியாது. அதுக்கு பியாட்ஸி செஞ்சதையே செய்யணும். அந்த எடத்துல தெரியுத புள்ளி எல்லாத்தையும் நோட்டுல வரைங்க, மறுநாளும் அதுக்கு மறுநாளும் வரைங்க, எந்தப் புள்ளி நகந்திருக்கோ அதான் சீரிஸ். ஐப்பசி கார்த்திகைய விட்டுருங்க, நம்ம பக்கம் மழ மேகம் பாக்க விடாது. அது எதிர்ல வாற காலம் தை மாசி பங்குனியில விழுந்துதுன்னா நமக்கு அதிர்ஷ்டம்.

பிசானத்தான்

எங்க வயக்காடு கல்லிடைக்குறிச்சிக்கு அங்கிட்டு, ரோட்டு லைட்டு எட்டாத எடம், மேக்க மலை மறைக்கும் ஆனா மத்த மூணு பக்கமும் வானம் தொறந்து கெடக்கும். அறுப்பு முடிஞ்ச பெறவு தாராளமா ஜமுக்காளம் விரிச்சுப் படுக்கலாம், பாம்புக்கு மட்டும் டார்ச் கொண்டு வாங்க. வான்நோக்கி, எதிர்ல வாற தேதியப் பாத்து இங்கன போடுங்க, வாத்தியார் ஐயாவ நான் வண்டியில கூட்டிட்டு வந்துருதேன். தொடந்து மூணு ராத்திரி வேணும், வாறவங்க பேரு சொல்லுங்க, சோறு எங்க வீட்டுல.